பாதிச் சம்பளத்துக்காக அரசு வேலையை விட்ட சி.வி. ராமன்: அதற்கு முன் அந்த 10 வருடம் என்ன செய்தார்?

வேலையை விட்டுட்டு முழு நேரமா ஆராய்ச்சிக்குப் போயிடலாமா என்று யோசிப்பவரா நீங்கள்? பெங்களூருவில் மேக்ரி சர்க்கிள் டிராஃபிக்கில் நிற்கும்போது, பக்கத்தில் இருக்கும் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டியவருக்கும் அதே யோசனைதான் இருந்தது.

ராமன் 1888-ல் திருச்சியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். மேல்படிப்புக்கு இங்கிலாந்து போக உடல்நிலை இடம் தரவில்லை. அதனால் நிதித்துறைத் தேர்வு எழுதி, 1907-ல் கல்கத்தாவில் அதிகாரியாகச் சேர்ந்தார். வயது 18. இன்றைய கணக்கில் சொன்னால், வீட்டில் யாரும் விடச் சொல்லாத வேலை.

அவரும் உடனே விடவில்லை. இதைத்தான் பலரும் கதையில் விட்டுவிடுகிறார்கள். பவ்பஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. ஆய்வகம் இருந்தும் ஆராய்ச்சி செய்ய ஆள் இல்லாத இடம். அலுவலகத்துக்கு முன்னால் காலையில், முடிந்ததும் மாலையில் அங்கே போய்விடுவார். வீணைத் தந்தி எப்படி அதிருது, வயலின் எப்படிப் பேசுதுன்னு ஆய்வு. கட்டுரைகளும் வந்துகொண்டே இருந்தன. நடுவில் ரங்கூன், நாக்பூர் என்று டிரான்ஸ்ஃபர் வேறு!

கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அசுதோஷ் முகர்ஜி அவரை பாலித் பேராசிரியர் பதவிக்கு அழைத்தார். வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. அதற்காகப் போக ராமன் மறுக்க, விதி தளர்ந்தது. 1917-ல் ராஜினாமா செய்தார். புதுச் சம்பளம் பழையதில் ஏறக்குறைய பாதிதான். ஆக, அவர் குதித்தது கண்ணை மூடிக்கொண்டு அல்ல. 10 வருட உழைப்பும் கையில் ஒரு பதவியும் இருந்தன. 1928-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல் பரிசு. அது தெரிந்த கதை.

உண்மையான துணிச்சல் பெங்களூருவில்தான் என்பேன். 1933-ல் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநர் ஆனார். நிர்வாகச் சண்டையில் 1937-ல் அந்தப் பதவி போனது. பேராசிரியராக மட்டும் தொடர்ந்து 1948-ல் ஓய்வு பெற்றார். அறுபது வயதில், மைசூர் மகாராஜா தந்த நிலத்தில் சொந்த நிறுவனம் தொடங்கினார். அரசுப் பணம் வாங்கினால் அரசுக்குக் கணக்கும் அறிக்கையும் தர வேண்டுமே, அதனால் வேண்டாம் என்றார். நன்கொடை திரட்டினார். முன்னாள் மாணவர் ஒருவரோடு ரசாயனத் தொழிலிலும் இறங்கினார். அங்கேதான் வைரம், பூக்களின் நிறம் என்று மனம் போன பக்கமெல்லாம் ஆய்வு.

1970 நவம்பர் 21-ல் இறந்தார். அந்த வளாகத்திலேயே தகனம். சமாதி கட்டவில்லை, ஒரு மரம்தான் நிற்கிறது. 1972-ல் நிறுவனம் மத்திய அரசின் நிதியுதவிக்குள் வந்தது.