ரவிவர்மாவுக்கு ஆயில் பெயின்டிங் சொல்லிக்கொடுத்தது யார்?

காலண்டரில் நாம் பார்க்கும் லட்சுமி, சரஸ்வதி உருவங்களுக்கு முன்மாதிரி தந்தவர் ராஜா ரவிவர்மா. ஆனா, அவருக்கு ஆயில் பெயின்டிங்கை முறையாகச் சொல்லிக்கொடுத்த குரு யாரும் இல்லை. பிறகு எப்படிக் கற்றார்?

கிளிமானூர் பையன்

1848-ல் கேரளத்தின் கிளிமானூரில் பிறந்தார். முதல் பாடம் மாமா ராஜராஜ வர்மாவிடம். 14 வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்குப் போனார். மகாராஜா ஆயில்யம் திருநாளின் ஆதரவு கிடைத்தது.

சிக்கல் எங்கே?

வாட்டர் கலர் சீக்கிரம் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்கில் ஆகும். அதுதான் அதன் பலம். ஈரம் இருக்கும்போதே ஒரு நிறத்தை இன்னொன்றில் இழைத்து, கன்னத்தின் வெளிச்சத்தையும் கழுத்தடி நிழலையும் நிஜம்போல் காட்டலாம். ஆனா, எண்ணெய் எவ்வளவு, எந்தப் பூச்சுக்கு மேல் எது என்பதில் தப்பினால் படம் வெடிப்பு விடும். பார்த்தாலொழிய பிடிபடாத வேலை.

அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடுவுக்கு இந்த வித்தை தெரியும். இளைஞனுக்குக் கற்றுத்தர மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் இரவுகளில் ரகசியமாக வந்து தெரிந்ததைப் பகிர்ந்தார்.

1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் பாடம் எடுக்கவில்லை. வரையும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். அவ்வளவுதான். மீதியெல்லாம் சொந்த முயற்சி. வரைந்து, தப்பு செய்து, திருத்திக் கற்றது.

பலன் என்ன?

1873-ல் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணை வரைந்தார். சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம், வியன்னாவிலும் பரிசு. 1893-ல் ‘அதோ அப்பா வருகிறார்’ என்ற பொருளில் ஓர் ஓவியம். மகளையும் பேரனையும் மாடலாக வைத்து வரைந்தது. இடுப்பில் குழந்தையோடு தாய் ஒரு பக்கம் கை காட்டுகிறாள். கூடவே வீட்டு நாய். அப்பா படத்திலேயே இல்லை. இருந்தும் அவர் வருவது நமக்குத் தெரிகிறது. வீட்டுக்குள் நடக்கும் ஒரு நொடியைப் பிடிக்கும் அளவுக்கு அந்த வித்தை கைவந்திருந்தது.

1894-ல் மும்பையில் அச்சகம் தொடங்கினார். அரண்மனைச் சுவரில் இருந்த படங்கள் மலிவு விலைப் பிரதிகளாகச் சாதாரண வீடுகளுக்கும் போயின. 1906-ல், 58 வயதில் காலமானார். தனக்குக் கற்றுத்தர மறுக்கப்பட்ட கலையை, எல்லார் வீட்டுச் சுவருக்கும் கொண்டுபோனவர் அவர்.