கஅப் இப்னு மாலிக் (ரலி): சாக்குச் சொல்லாத மனிதர்

நாம் அன்றாடம் சொல்லும் பொய்களில் பெரும்பாலானவை பெரிய பொய்கள் அல்ல, சாக்குகள்தான். திருமணத்துக்குப் போகாததற்கு உடம்பு சரியில்லை என்கிறோம். கடனைத் திருப்பித் தராததற்கு ஊரில் இல்லை என்கிறோம். மனைவியின் அழைப்பை எடுக்காததற்கு போன் சைலண்டில் இருந்தது என்கிறோம். கேட்பவரும் நம்பியதுபோல் தலையாட்டிவிடுவார். இப்படிச் சாக்குச் சொல்லித் தப்பிக்க எல்லா வாய்ப்பும் இருந்த ஒருவர் அதைச் செய்யாமல் நின்றார். அவர்தான் கஅப் இப்னு மாலிக் (ரலி).

மதீனாவின் கஸ்ரஜ் கோத்திரத்தில் பனூ ஸலிமா கிளையைச் சேர்ந்தவர் அவர். இரண்டாம் அகபா உடன்படிக்கையில் நபி (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்தவர். இஸ்லாத்தின் சார்பில் கவிதையால் பதிலடி கொடுத்த மூன்று முக்கியக் கவிஞர்களில் ஒருவர். உஹதுப் போரில் நபியவர்கள் கொல்லப்பட்டுவிட்டதாக வதந்தி பரவியபோது, தலைக்கவசத்துக்குள் தெரிந்த கண்களைப் பார்த்து அவர்கள் உயிரோடு இருப்பதை முதலில் கண்டுகொண்டவரும் இவரே.

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் பயணம் அறிவிக்கப்பட்டது. கடும் வெயில், நெடுந்தூரம், தோட்டங்களில் பழம் கனிந்து நிழல் இனிக்கும் பருவம். கஅப் (ரலி) அவர்களுக்கோ எந்தக் குறையும் இல்லை. அதற்குமுன் ஒருபோதும் அவர்களிடம் இரண்டு வாகன ஒட்டகங்கள் இருந்ததில்லை; இப்போது இருந்தன. தினமும் காலையில் பயணத்துக்குத் தயாராகக் கிளம்புவார்கள், ஒன்றும் முடிக்காமல் திரும்புவார்கள். நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் முடித்துவிடலாம் என்று மனம் சமாதானம் சொல்லும். படை புறப்பட்டது. வழியில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தார்கள், அதுவும் நடக்கவில்லை. பிறகு மதீனாவின் தெருவில் இறங்கினால் கண்ணில் பட்டவர்கள் இரண்டே வகை: நயவஞ்சகர் என்று அறியப்பட்டவர்கள், அல்லது போக இயலாத பலவீனர்கள். நம் பார்வையில் அந்தக் காட்சியே அவருக்குப் பெரிய தண்டனை.

தபூக்கில் நபியவர்கள் அவரைப் பற்றி விசாரித்தார்கள். அவர் கிளையைச் சேர்ந்த ஒருவரே, ஆடை அழகும் தற்பெருமையும் அவரைத் தடுத்துவிட்டதாகச் சொன்னார். முஆத் இப்னு ஜபல் (ரலி) உடனே அதைக் கண்டித்து, அவரிடம் நல்லதைத் தவிர வேறெதையும் நாங்கள் அறிந்ததில்லை என்றார்கள். அங்கே இல்லாத ஒருவருக்காகப் பேசப்பட்ட வார்த்தை அது. நம் வீட்டுக் கூடங்களில் இதற்கு நேர்மாறானதுதான் அதிகம் நடக்கிறது.

படை திரும்பும் செய்தி வந்ததும் கஅப் (ரலி) என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தார்கள். குடும்பத்தில் விவரமானவர்களிடம் யோசனையும் கேட்டார்கள். நபியவர்கள் நெருங்கிவிட்டார்கள் என்றதும் அந்த எண்ணமெல்லாம் விலகியது. பள்ளிவாசலில் எண்பதுக்கும் மேற்பட்டோர் வந்து சத்தியம் செய்து சாக்குகள் சொன்னார்கள். நபியவர்கள் வெளிப்படையை ஏற்று, உள்ளத்தை அல்லாஹ்விடம் விட்டார்கள். கஅப் (ரலி) வந்தபோது கோபம் கலந்த புன்னகையே வரவேற்றது. தமக்கு வாதத் திறமை உண்டு, வேறு யாரிடமாவது என்றால் பேசியே தப்பித்திருப்பேன், ஆனால் இன்று பொய்யால் உங்களைத் திருப்திப்படுத்தினால் நாளை அல்லாஹ் உங்களை என்மீது கோபம் கொள்ளச் செய்வான் என்று சொல்லி, தமக்கு எந்தக் காரணமும் இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். இவர் உண்மை சொல்லிவிட்டார் என்று கூறி, அல்லாஹ்வின் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள் நபியவர்கள்.

வெளியே வந்ததும் உறவினர்கள் பின்னாலேயே வந்து, மற்றவர்களைப் போல ஒரு சாக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று குடைந்தார்கள். திரும்பிப் போய் மாற்றிச் சொல்லிவிடலாமா என்று தோன்றும் அளவுக்குக் குடைந்தார்கள். அன்புள்ளவர்களே பொய்க்குத் தூண்டுவது புதிதல்ல. முராரா இப்னு ரபீஉ (ரலி), ஹிலால் இப்னு உமைய்யா (ரலி) இருவரும் அதே உண்மையைச் சொன்னார்கள் என்று அறிந்த பிறகே அவர்கள் உறுதியானார்கள்.

மூவரோடும் யாரும் பேசக்கூடாது என்று உத்தரவானது. மற்ற இருவரும் வீட்டில் அழுதபடி முடங்கினார்கள். கஅப் (ரலி) ஜமாஅத் தொழுகைக்குப் போவார்கள். தமது ஸலாமுக்கு நபியவர்களின் உதடு அசைகிறதா என்று பார்ப்பார்கள். ஒருநாள் தமக்கு மிகவும் பிரியமான, தந்தையின் சகோதரர் மகன் அபூ கதாதாவின் தோட்டச் சுவர் ஏறிப் போய் ஸலாம் சொன்னார்கள். பதில் இல்லை. நான் அல்லாஹ்வையும் தூதரையும் நேசிப்பது உனக்குத் தெரியாதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அல்லாஹ்வும் தூதருமே அறிவார்கள் என்று மட்டும் பதில் வந்தது. கண்ணீரோடு திரும்பினார்கள்.

அந்த வேளையில்தான் கஸ்ஸான் மன்னனிடமிருந்து, எங்களிடம் வந்துவிடுங்கள் என்று கடிதம் வந்தது. அவர்கள் அதை அடுப்பில் போட்டு எரித்தார்கள்.

நாற்பதாம் நாள், மனைவியரை விட்டும் விலகி இருக்க உத்தரவு வந்தது. தலாக் சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். விலகி இருந்தால் போதும் என்றதும் மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். ஹிலாலின் மனைவி நபியவர்களிடம் நேரில் சென்று, கணவர் முதியவர், பணியாள் இல்லை என்று உள்ளதைச் சொல்லிப் பணிவிடைக்கு அனுமதி பெற்றார்கள். நீங்களும் கேளுங்களேன் என்றார் வீட்டில் ஒருவர். தாம் இளைஞன் என்று சொல்லி கஅப் (ரலி) மறுத்துவிட்டார்கள். இன்னொருவருடைய நியாயமான காரணத்தைக்கூட அவர்கள் கடன் வாங்கவில்லை.

ஐம்பதாம் நாள் வீட்டுக் கூரையில் ஃபஜ்ர் தொழுது அமர்ந்திருந்தபோது ஸல்உ மலையிலிருந்து நற்செய்திக் குரல் கேட்டது. அப்படியே ஸஜ்தாவில் விழுந்தார்கள். நற்செய்தி சொன்னவருக்குத் தமது இரு ஆடைகளையும் கொடுத்துவிட்டு, இரவல் ஆடையில் பள்ளிவாசலுக்குப் போனார்கள். முஹாஜிர்களில் தல்ஹா (ரலி) மட்டும் எழுந்து ஓடிவந்து கைகொடுத்து வாழ்த்தினார்கள். அதைக் கஅப் (ரலி) கடைசிவரை மறக்கவில்லை. நபியவர்களின் முகம் மகிழ்ச்சியால் நிலவாய் ஒளிர்ந்தது. அந்த மூவரின் தவ்பா பற்றி அத்தவ்பா அத்தியாயத்தின் 118ஆம் வசனம் இறங்கியிருந்தது. செல்வம் முழுவதையும் தர்மம் செய்ய முன்வந்தபோது, கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள் நபியவர்கள். கைபரில் கிடைத்த பங்கை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வாழ்நாள் முழுவதும் உண்மையே பேசுவதாக வாக்களித்தார்கள்.

முதுமையில் அவர்களுக்குப் பார்வை போனது. மகன் அப்துல்லாஹ் கைபிடித்து வழிநடத்தினார். அந்த மகனிடம்தான் இந்தக் கதை முழுவதையும் சொன்னார்கள். இரண்டு ஒட்டகங்கள் இருந்ததையும், பொய் சொல்ல யோசித்ததையும் மறைக்காமல் சொன்னார்கள்.