கட் பண்ணாமல் காட்டியவர்

ஆக்‌ஷன் படத்துல ஹீரோ பத்து பேரை அடிக்கிறார். ஒவ்வொரு அடிக்கும் ரெண்டு கட். யார் எங்கே நிக்கிறாங்கன்னே உங்களுக்குப் புரியல. அந்த மாதிரி படம் பார்த்து தலை சுத்தினா, அடுத்து பஸ்டர் கீட்டன் படம் ஒண்ணு போடுங்க.

1895-ல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர் கீட்டன். பெற்றோர் மேடைக் கலைஞர்கள். மேடையில் அப்பா அவரைத் தூக்கி வீசுவார், கூட்டம் சிரிக்கும். அடிபடாம எப்படி விழறதுன்னு சின்ன வயசுலயே கத்துக்கிட்டார். 1917-ல் சினிமாவுக்கு வந்தார். நடிப்பு மட்டும் போதலை, கேமரா எப்படி வேலை செய்யுதுன்னும் தெரியணும் அவருக்கு.

'ஷெர்லாக் ஜூனியர்' (1924) படத்தில் கனவுல திரைக்குள்ளேயே நுழைவார். தோட்டம், தெரு, மலை என்று பின்னணி மாறிக்கொண்டே இருக்கும். அவர் மட்டும் அதே இடத்தில் இருப்பார். இதற்காக ஒவ்வொரு ஷாட்டிலும் கேமராவுக்கும் தனக்கும் உள்ள தூரத்தை சர்வே கருவிகள் வைத்து அளந்தார். சிவில் மக்களே, சர்வே லேப் இங்கேயும் உதவியிருக்கு!

கட் பண்ணத் தெரிந்த அவருக்கு, எங்கே கட் பண்ணக் கூடாது என்றும் தெரியும். 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுசா அவர் மேல சாயும். திறந்த ஜன்னல் இருக்கும் இடத்தில் அவர் நிற்பதால் பிழைப்பார். சில அங்குலம் தள்ளி நின்றிருந்தால் உயிர் போயிருக்கும். நடுவில் ஒரு கட் வைத்திருந்தால் ஆபத்தே இல்லை. ஆனா நீங்களும் நம்பியிருக்க மாட்டீங்க.

'தி ஜெனரல்' (1926) அமெரிக்க உள்நாட்டுப் போரில் நடக்கும் ரயில் துரத்தல். திருடு போன எஞ்சினைத் துரத்திப் போவார்; மீட்டதும் அதே பாதையில் திரும்பி வருவார், இப்போ எதிரிகள் பின்னாடி. எரியும் பாலத்தோடு நிஜ ரயில் எஞ்சினே ஆற்றில் விழும். 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' பார்த்திருக்கீங்களா? அதுவும் போய்த் திரும்பும் துரத்தல்தான்.

இவ்வளவு செய்தும் 'தி ஜெனரல்' அப்போ எடுபடலை. செலவு அதிகம், விமர்சனமும் மோசம். 1928-ல் எம்.ஜி.எம். கம்பெனியில் சேர்ந்தார். அங்கே முடிவெல்லாம் மத்தவங்க கையில். குடி அதிகமானது, மணவாழ்க்கை முறிந்தது, 1933-ல் வேலையும் போனது. பிறகு அதே கம்பெனியில் மற்றவர்கள் படங்களுக்கு நகைச்சுவை யோசித்துக் கொடுத்துப் பிழைத்தார்.

1950-களில் பழைய படங்கள் மறுபடி திரைக்கு வர, உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. 1960-ல் கௌரவ ஆஸ்கர் கிடைத்தது. 1966-ல், தன் 70-வது வயதில் இறந்தார். இன்று 'தி ஜெனரல்' சினிமாவின் மிகச் சிறந்த படங்களில் ஒன்று.

அடுத்த சேஸ் சீன்ல ரெண்டே விஷயம் கவனிங்க: யார் எந்தப் பக்கம் போறாங்கன்னு தெரியுதா? முக்கியமான நொடியில் கட் விழுதா? இந்த ரெண்டையும் கேட்க ஆரம்பிச்சுட்டா, நல்ல ஆக்‌ஷன் எதுன்னு யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.