படிப்படியாக என்னும் சட்டச் சொல்: ஹென்றி டண்டாஸும் கட்டுப்பாட்டு வாரியமும்

எடின்பரோ நகரின் செயின்ட் ஆண்ட்ரூ சதுக்கத்தில் ஏறத்தாழ 150 அடி உயரமுள்ள தூண் ஒன்று நிற்கிறது. அதன் உச்சியில் சிலையாக நிற்பவர் முதலாம் மெல்வில் பிரபு ஹென்றி டண்டாஸ். இந்திய மண்ணில் ஒருமுறைகூடக் காலடி வைக்காதவர். ஆயினும் 1784 முதல் 1801 வரை, கிழக்கிந்தியக் கம்பெனி நம் மண்ணை எவ்வாறு ஆள வேண்டும் என்பதை இலண்டனில் இருந்தபடி தீர்மானித்த கட்டுப்பாட்டு வாரியம் இவர் கையில் இருந்தது. நம் பாடநூல்கள் கிளைவையும் ஹேஸ்டிங்ஸையும் அறியும், டண்டாஸை அறியா. அதிகாரத்தைக் கண்காணிக்கும் பொறுப்பிலிருப்பவர்கள் அதை எவ்வாறு காப்பாற்றுகிறார்கள் என்பதை அறிய விரும்புவோர் இவரது வாழ்க்கையை அறிந்திருக்க வேண்டும்.

1742ஆம் ஆண்டு எடின்பரோவில் நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் நிறைந்த குடும்பத்தில் டண்டாஸ் பிறந்தார். தந்தை ஸ்காட்லாந்தின் உயர்ந்த குடிமை நீதிமன்றத்தின் தலைவர். மகன் 1763இல் வழக்கறிஞரானார். 24 வயதில் ஸ்காட்லாந்தின் அரசு துணைத் தலைமை வழக்கறிஞர். 1774இல் நாடாளுமன்ற உறுப்பினர். அடுத்த ஆண்டே தலைமை வழக்கறிஞர். பிறப்பு திறந்துவிட்ட கதவுகளின் வழியே திறமையும் நடந்து சென்றது.

இவரது வழக்காடு வாழ்வின் சிறந்த பக்கத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவில் பிறந்து, ஜமைக்காவில் விற்கப்பட்டு, ஸ்காட்லாந்துக்குக் கொண்டுவரப்பட்ட ஜோசப் நைட் என்பவர் தன்னை விலைக்கு வாங்கிய வெடர்பர்னுக்கு எதிராக நீதிமன்றம் சென்றார். மேல்முறையீட்டில் நைட்டின் பக்கம் நின்று வாதாடியவர்களுள் டண்டாஸும் ஒருவர். ஸ்காட்லாந்துச் சட்டம் அடிமைமுறையை ஏற்காது என 1778இல் தீர்ப்பு வந்தது. ஆகவே அடிமைமுறை என்பது எத்தகைய அநீதி என்று அறியாதவராக இவர் இருந்ததில்லை. பின்னாளில் இவர் செய்தவற்றை இதை மனத்திற்கொண்டே எடைபோட வேண்டும்.

1780இல் ஐதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் நுழைந்தது. அந்தப் போரின் காரணங்களை ஆராய நாடாளுமன்றம் அமைத்த இரகசியக் குழுவுக்கு 1781இல் டண்டாஸ் தலைவரானார். சென்னை ஆளுநராக இருந்த தாமஸ் ரம்போல்டின் மீதும், வாரன் ஹேஸ்டிங்ஸின் மீதும் கண்டனத் தீர்மானங்களைக் கொண்டுவந்தார். கம்பெனியின் ஊழலைத் தட்டிக்கேட்கும் மனிதர் என்னும் பெயர் அப்போது பரவியது.

அந்தப் பெயரோடு 1784இல் பிட்டின் இந்தியச் சட்டம் உருவாக்கிய கட்டுப்பாட்டு வாரியத்துக்குள் நுழைந்தார். அரசரின் ஆலோசகர்கள் ஆறு பேர் அதன் உறுப்பினர்கள். கம்பெனி இயக்குநர்கள் இந்தியாவுக்கு அனுப்பும் ஆட்சி தொடர்பான ஒவ்வொரு கடிதமும் முதலில் வாரியத்தின் பார்வைக்கு வர வேண்டும். அதைத் திருத்தவும் மாற்றி எழுதவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. போர், சமாதானம் குறித்த ஆணைகள் மூன்று இயக்குநர்கள் கொண்ட இரகசியக் குழு வழியே நேராகச் செல்லும். வணிகமும் பதவி நியமனங்களும் கம்பெனியிடமே விடப்பட்டன. வாரியத்தின் தலைவர் என்னும் பட்டம் 1793இல்தான் டண்டாஸுக்கு முறைப்படி வந்தது. அதிகாரம் தொடக்கத்திலிருந்தே அவரிடம் இருந்தது. அந்த 1793ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் இன்னொன்றையும் செய்தது: வாரியத்தின் சம்பளமும் செலவும் இந்திய வருவாயிலிருந்தே எடுக்கப்படும் என விதித்தது. கண்காணிப்பவருக்குக் கூலி கொடுத்தவர்கள், அவரிடம் முறையிட எந்த வழியும் இல்லாத மக்கள்.

வாரியத்தின் முதற்பெரும் சோதனை தமிழ் மண்ணிலிருந்து வந்தது. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா, பால் பென்ஃபீல்டு போன்ற கம்பெனி ஊழியர்களிடம் பெருங்கடன் பட்டிருந்தார். சிறு சம்பளக்காரர்கள் அரசர்க்குக் கடன் கொடுக்கும் செல்வத்தை எங்கே பெற்றனர் என்னும் கேள்வி இலண்டனிலேயே எழுந்தது. கடன்களின் உண்மையை விசாரிக்கப் புதிய சட்டமே வழி செய்திருந்தது. இயக்குநர்களும் விசாரணையையே விரும்பினர். டண்டாஸின் வாரியம் அவர்களது கடிதத்தை மாற்றியது. விசாரணையின்றிக் கடன்களை ஏற்று, ஆண்டுக்கு 4,80,000 பவுண்டு கர்நாடக வருவாயிலிருந்து அடைக்க ஆணை பிறந்தது. கடன்காரர்களின் நாடாளுமன்ற ஆதரவுக்காகவே இது நடந்தது என 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் குற்றஞ்சாட்டினார். அவையின் பெரும்பான்மை அதைப் பொருட்படுத்தவில்லை. நவாப் மேலும் கடன் பட்டார். பின்னர் 1805இல் அமைந்த ஆணையம், தன் முன் வந்த 3 கோடி பவுண்டுக்கும் மேலான கோரிக்கைகளுள் பத்தில் ஒரு பங்கைக்கூட உண்மையென ஏற்கவில்லை. விசாரித்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்தப் பவுண்டுகள் போரும் பஞ்சமும் சூறையாடிய வயல்களின் தண்டல். நவாப் வரி வசூலிப்பவரை நெருக்கினார். அவர் நிலவுடைமையாளரை நெருக்கினார். அந்த வரிசையின் கடைசியில், நெருக்குவதற்குக் கீழே யாருமற்றவர்களாக நின்றவர்கள் பறையர், பள்ளர் சமூகங்களைச் சேர்ந்த பண்ணையாட்கள். நிலத்தோடு சேர்த்து விற்கவும் அடகு வைக்கவும் உரியவர்களாக அவர்கள் நடத்தப்பட்டதைக் கம்பெனியின் வருவாய் ஆவணங்களே பதிவு செய்துள்ளன. வாரியத்தின் கணக்கில் வருவாய் மட்டுமே இருந்தது. அதை விளைவித்தவர்கள் இல்லை.

1792 ஏப்ரலில் வில்பர்ஃபோர்ஸ், அடிமை வணிகத்தை ஒழிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். நைட்டுக்காக வாதாடிய டண்டாஸ் எழுந்து, ஒழிப்பைத் தாம் ஏற்பதாகவும் ஆனால் அது படிப்படியாக நிகழ வேண்டும் என்றும் திருத்தம் கொடுத்தார். திருத்தப்பட்ட தீர்மானம் 230க்கு 85 என்னும் வாக்கில் நிறைவேறியது. அவர் முன்மொழிந்த இறுதி நாள் 1800. அவை அதை 1796 ஆக்கியது. பிரபுக்கள் சபை கிடப்பில் போட்டது. வணிகம் ஒழிந்தது 1807இல். திருத்தம் இல்லையெனில் தீர்மானமே தோற்றிருக்கும் என வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. அது முற்றிலும் ஒதுக்கத்தக்க வாதம் அன்று. ஆனால் பின்வந்த ஆண்டுகளில் உடனடி ஒழிப்பு முயற்சிகளையும் அவர் எதிர்த்தார் என்பதையும், போர்த்துறை அமைச்சராகக் கரீபியத் தீவுகளின் அடிமைக் குடியேற்றங்களைக் கைப்பற்றப் படை அனுப்பினார் என்பதையும் அதனருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

இறுதியில் அவரை வீழ்த்தியவை ஆற்காடும் அல்ல, அடிமைக் கப்பல்களும் அல்ல. கடற்படைப் பொருளாளராக அவர் இருந்தபோது, அவர் கீழிருந்த அலுவலர் டிராட்டர் பொதுப்பணத்தைத் தனியார் வங்கியிலிட்டு ஆதாயம் தேடியது 1805இல் வெளிவந்தது. அதைத் தடுக்கும் 1785ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தவரே டண்டாஸ்தான். கண்டனத் தீர்மானத்தில் வாக்குகள் 216க்கு 216 எனச் சமமாயின. அவைத்தலைவர் எதிராக வாக்களித்தார். டண்டாஸ் பதவி விலகினார். 1806இல் பிரபுக்கள் சபையின் முன் நடந்த விசாரணையில் விடுதலை பெற்றார். பிரிட்டனில் நடந்த கடைசிப் பதவிக்குற்ற விசாரணை அதுவே. 1811இல் எடின்பரோவில் இறந்தார்.

அவரது சொல் அவருக்குப் பின்னும் வாழ்ந்தது. 1833இல் பிரிட்டன் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தபோது, கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே எழுதிவைத்தது. நம் பண்ணையாட்களுக்கு, பாதுகாப்பாகவும் இயலும்போதும் என்னும் வாக்குறுதியே கிடைத்தது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், ஒருவர் மீதான அடிமை உரிமையை நீதிமன்றங்கள் நிலைநாட்டக் கூடாது என்றது. அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. அதற்கு 1862இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கட்டுப்பாட்டு வாரியம் அதற்கு முன்பே, 1858இல், கம்பெனி ஆட்சியோடு கலைக்கப்பட்டது.

மெல்வில் தூணின் அடியில், தாமதத்தால் கடல்கடத்தப்பட்ட ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை நினைவுகூரும் பலகை ஒன்றை எடின்பரோ நகரம் 2021இல் வைத்தது. அதன் வாசகம் இன்னும் சர்ச்சைக்குரியதாகவே இருக்கிறது. ஆற்காட்டுக் கடனுக்கு உழைத்தவர்களுக்கு எங்கும் பலகை இல்லை.

நமக்கு இன்று கண்காணிப்புக் குழுக்கள் உண்டு. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி முதலமைச்சர் தலைமையிலான குழு ஆண்டுக்கு இருமுறையும், மாவட்டக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் கூட வேண்டும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976 முதல் தனிக் குழுக்களைக் கோருகிறது. இவை கூடுகின்றனவா, கூடினால் யாருடைய கடிதத்தைத் திருத்துகின்றன என்று நாம் தேதியோடு, எழுத்தில் கேட்க வேண்டும். படிப்படியாக என்னும் விடை வந்தால், எத்தனை படி, எந்த நாளுக்குள் என்பது நம் அடுத்த கேள்வியாக இருக்கட்டும்.