முதுகெலும்பு நோய் தொண்டையை அடைக்குமா? 'வீரம் விளைந்தது' எழுதியவரை 32 வயதில் சாய்த்த நோய்!

தமிழில் 'வீரம் விளைந்தது' என்ற பெயரில் தலைமுறைகளாக வாசிக்கப்படும் நாவலை எழுதியவர், அதன் ஒரு பக்கத்தைக்கூட கண்ணால் பார்த்ததில்லை. நிகோலாய் ஒஸ்திரோவ்ஸ்கி அதைத் தொடங்கியது 1930-இல். பார்வை அதற்கு முன்பே போய்விட்டது. உடம்பும் படுக்கையோடு சரி. வயசு 26.

இன்றைய உக்ரைனில் உள்ள விலியா கிராமத்தில் 1904-இல் பிறந்தவர். சின்ன வயசிலேயே ரயில் நிலைய உணவகத்தில் எடுபிடி வேலை. பிறகு செம்படை, 1920-இல் போர்க்காயம். மூட்டு வலி ஆரம்பித்தபோது இருபதுகூட ஆகவில்லை.

அது அங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ். ரஷ்யாவில் பெக்தெரெவ் நோய் என்பார்கள். மூட்டுகளில் அழற்சி வரும். அது ஆறும் இடத்தில் புது எலும்பு வளரும். கவனிக்காமல் விட்டால் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, முதுகு மூங்கில் கழி மாதிரி விறைத்துவிடும். காலையில் எழுந்ததும் முதுகு இறுக்கம், நடமாடினால் குறைகிறது, 3 மாதத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் மூட்டுவாத மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

முதுகோடு நின்றுவிடும் நோயும் அல்ல இது. கண்ணைத் தாக்கும், கழுத்துக்கும் ஏறும். நாம் விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்பி முன்னால் நகர வேண்டும். கழுத்து குனிந்தபடியே இறுகிவிட்டால் அது சிரமம். கழுத்தெலும்பின் முன்பக்கம் வளரும் எலும்பு, ஒட்டியே இருக்கும் உணவுக்குழாயை அழுத்தவும் செய்யலாம். சோறு நெஞ்சிலேயே நிற்கும், தண்ணீர் குடித்தால் புரையேறும். அபூர்வம்தான். ஆனால் மெல்ல மெல்ல வருவதால் பலர் இதை முதுகு நோயோடு சேர்த்து யோசிப்பதே இல்லை.

அழற்சியை அடக்கும் இன்றைய மருந்துகள் ஒஸ்திரோவ்ஸ்கி காலத்தில் கிடையாது. சானடோரியம், சேற்றுக் குளியல் எல்லாம் பார்த்தும் நோய் நிற்கவில்லை.

முதலில் எழுதிய கையெழுத்துப் பிரதி ஒன்றே ஒன்றுதான். அதுவும் தபாலில் தொலைந்தது. மனுஷன் விடவில்லை. அட்டையில் வரி வரியாகத் துளை வெட்டி, அதைத் தாளின் மேல் வைத்து, விரலால் தடவித் தடவி எழுதினார். கையும் ஓய்ந்தபோது வாயால் சொன்னார்; வீட்டாரும் நண்பர்களும் எழுதிக்கொண்டார்கள். முதலில் நிராகரித்த பத்திரிகையே 1932-இல் தொடராக வெளியிட்டது. 1935-இல் லெனின் விருது கிடைத்தது.

அடுத்த நாவலின் முதல் பாகத்தை 1936 டிசம்பரில் முடித்தார். அதே மாதம் 22-ஆம் தேதி மாஸ்கோவில் உயிர் பிரிந்தது.