திருவானைக்கா தந்த ஒளி மேதை

திருவரங்கம் அமைந்துள்ள அதே காவிரித் தீவில், திருவானைக்காவில், 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பிறந்தவர் சர் சி. வி. இராமன். இயற்பியல் மேதையாக அவரை நாம் அனைவரும் அறிவோம். உயிரியல் வகுப்பில் நாம் படிக்கும் செல் சவ்வை ஆராயவும் அவருடைய கண்டுபிடிப்பு உதவுகிறது என்பதைப் பலர் அறியார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற இராமன், 1907இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். இங்கிலாந்து சென்று படிக்க உடல்நிலை இடம் தரவில்லை. ஆகவே கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியானார். ஆயினும் அலுவலக நேரத்திற்கு முன்னும் பின்னும் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். 1917இல் அப்பணியையே துறந்து, குறைந்த ஊதியத்தில் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1921இல் கப்பலில் சென்றபோது மத்தியதரைக் கடலின் நீலநிறம் அவரைச் சிந்திக்க வைத்தது. ஒளி சிதறுவதை ஆராயலானார். ஒரே நிற ஒளியைப் பொருளின் மீது செலுத்தினால், சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது. அம்மாற்றம் மூலக்கூறின் அமைப்பைக் காட்டுகிறது. இதுவே 1928 பிப்ரவரி 28 அன்று கண்ட இராமன் விளைவு. இதற்காக 1930இல் நோபல் பரிசு பெற்றார்.

செல்லைச் சூழ்ந்துள்ள சவ்வில் கொழுப்பு மூலக்கூறுகள் ஈரடுக்காக நிற்கின்றன. தலைகள் நீரை நோக்கியும் வால்கள் உள்நோக்கியும் இருக்கும். இடையிலுள்ள புரதங்கள் வாயில்களைப் போன்றவை. வேண்டிய சத்துக்களை உள்ளே விட்டு, வேண்டாதவற்றைத் தடுக்கின்றன. திருவரங்கக் கோயிலின் ஏழு மதில்களுக்கும் வாயில்கள் உண்டு. ஆனால் அவை அசையாக் கல்மதில்கள். செல் சவ்வோ எண்ணெய்ப் படலம்போல் நெகிழ்வது. அளவுக்கு மீறி இறுகினால் அதன் வாயில்கள் சரிவர இயங்கா.

சவ்வின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கே. சாதாரண நுண்ணோக்கியில் அதன் அடுக்குகளைக் காண இயலாது. ஆனால் லேசர் ஒளியைப் பாய்ச்சி, இராமன் விளைவின் துணையால், கொழுப்பு வால்கள் நேராக நிற்கின்றனவா, நெளிந்து கிடக்கின்றனவா என அறியலாம். இராமன் 1970 நவம்பர் 21 அன்று பெங்களூரில் மறைந்தார். அடுத்த ஆண்டே, கொழுப்பு அடுக்குகளில் கொலஸ்டிரால் செய்யும் மாற்றத்தை விஞ்ஞானிகள் இம்முறையில் ஆராய்ந்து வெளியிட்டனர்.

மாணவியராகிய நாம் மறக்கக் கூடாத ஒன்றும் உண்டு. 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்த இராமன், பெண் என்பதால் கமலா பாகவத்துக்கு இடம் மறுத்தார். கமலா விடவில்லை. ஓராண்டு சோதனைக் காலம் என்ற நிபந்தனையுடன் இடம் பெற்றார். அவருடைய உழைப்பைக் கண்டபின் இராமன் மனம் மாறினார். பிற பெண்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது. கமலா 1939இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார்.

இராமனிடமிருந்து விடாமுயற்சியைக் கற்போம். கமலாவிடமிருந்து, மூடிய வாயிலின் முன் தளராமல் நிற்கக் கற்போம்!