போட்டியாளர்களை ஓரணியில் சேர்த்த ராபர்ட் நோய்ஸ்

கணினிச் சில்லுகளைத் தயாரிக்கும் இன்டெல் நிறுவனத்தில் சுமார் 10 சதவீதப் பங்கை அமெரிக்க அரசு பெற்றுக்கொள்ள 2025 ஆகஸ்டில் உடன்பாடு ஏற்பட்டபோது, தனியார் தொழிலில் அரசுக்கு என்ன இடம் என்ற விவாதம் எழுந்தது. இன்டெலின் நிறுவனர்களில் ஒருவரான ராபர்ட் நோய்ஸ் தனது இறுதி ஆண்டுகளில் எதிர்கொண்ட விவாதமும் இதுவே.

ஐயோவா மாநிலத்தில் 1927-ல் கிறிஸ்தவப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்த நோய்ஸ், 1953-ல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றார். 1956-ல் வில்லியம் ஷாக்லியின் டிரான்சிஸ்டர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த அவர், ஷாக்லியின் நிர்வாகப் போக்கை ஏற்க இயலாமல் மறு ஆண்டே ஏழு சகாக்களுடன் வெளியேறினார். அவர்கள் உருவாக்கியதே ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் நிறுவனம்.

ஒரே சிலிக்கான் துண்டில் முழு மின்சுற்றையும் அமைக்கும் முறையை 1959-ல் நோய்ஸ் வகுத்தார். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் ஜாக் கில்பி அதற்குச் சற்று முன்னரே வேறொரு வழியில் இதனைச் செய்திருந்தார். காப்புரிமை குறித்த சட்டப் போராட்டம் முடியும் முன்னரே, 1966-ல் இரு நிறுவனங்களும் பரஸ்பரம் உரிமம் வழங்க இணங்கின.

1960களின் நடுப்பகுதியில் சில்லுகளின் விலையை உற்பத்திச் செலவுக்கும் கீழே குறைத்தார் நோய்ஸ். விற்பனை பெருகினால் செலவு குறையும் என்ற அவரது கணக்கு பலித்தது. 1968-ல் கார்டன் மூருடன் இணைந்து இன்டெலைத் தொடங்கினார். ஃபேர்சைல்டிலிருந்து விலகிய வேறு சிலர் மறு ஆண்டு ஏ.எம்.டி.யை நிறுவினர்.

1980களில் நிலைமை தலைகீழானது. ஜப்பானிய நிறுவனங்கள் நினைவகச் சில்லுகளைச் செலவுக்கும் குறைவான விலைக்கு விற்பதாக அமெரிக்கத் தொழிலதிபர்கள் குற்றஞ்சாட்டினர். 1985-ல் இன்டெல் அச்சந்தையிலிருந்தே விலகியது. அதனையடுத்து 1987-ல் 14 அமெரிக்க நிறுவனங்கள், அரசின் நிதியுதவியுடன், செமாடெக் என்ற கூட்டு ஆய்வு அமைப்பை உருவாக்கின. 1988-ல் அதன் தலைமையை நோய்ஸ் ஏற்றார். சுதந்திரச் சந்தையில் வளர்ந்தவர்கள் நெருக்கடியில் அரசை நாடுவது முரண் என்று விமர்சகர்கள் கருதினர்.

அதன் பலனைக் காணும் முன்னரே, 1990 ஜூனில், தனது 62-வது வயதில் நோய்ஸ் காலமானார். 1990களில் அமெரிக்கச் சில்லுத் தொழில் மீண்டும் தலைதூக்கியது. அதற்குக் காரணம் செமாடெக்கா அல்லது நுண்செயலிகளின் பக்கம் திரும்பிய இன்டெலின் வியூகமா என்பதில் நிபுணர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. போட்டியால் வளர்ந்த ஒரு தொழில், போட்டியால் மட்டுமே நிலைத்துவிடாது என்பதையே நோய்ஸின் வாழ்க்கை உணர்த்துகிறது.